சிறுகுழலில் விரியும் வானம்

நுழையும்முன்

வானத்தை நாள்தோறும் பார்க்கிறோம். உற்று நோக்குவோர் மிகச் சிலரே. வானியல் என்றதும் மலையுச்சிக் கோபுரங்களும் கோடிக்கணக்கில் பொருட்செலவு கொண்ட கருவிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், தமிழ்நாட்டில் தற்கால வானியல் ஒரு வீட்டுத் தோட்டத்தில், உள்ளங்கையைவிடச் சிறிய வில்லை கொண்ட தொலைநோக்கியோடுதான் தொடங்கியது. அத்தகைய சிறு தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு நம் வீட்டு மாடியிலிருந்து எதைக் காணலாம், எப்படிக் காணலாம், கண்டதை என்ன செய்யலாம் என்பதை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மாடியில் ஒரு மாலை

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் புதுச்சத்திரம். கிழக்கே கொல்லிமலைத் தொடர் நீண்டு கிடக்கிறது. சுற்றிலும் சோளக்கொல்லைகளும் தென்னந்தோப்புகளும் கோழிப்பண்ணைகளும் நிறைந்த சமவெளி. மலைகள் அருகில் நெருங்கி நின்று அடிவானத்தை மறைக்காததால், இங்கே ஒரு மொட்டைமாடியில் ஏறி நின்றாலே வானத்தின் பெரும்பகுதி கண்முன் விரியும்.

புவிப்பரப்பில் இவ்வூரின் இருப்பிடம் வானம் பார்ப்பவருக்கு ஒரு நற்பேறு. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இவ்வூர் உள்ளது. ஆதலால் துருவ மீன் வடக்கே, அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 11 பாகை உயரத்தில், சேலம் இருக்கும் திசையில் தாழ்வாக நிற்கும். துருவ மீன் தாழத் தாழத் தென்வானம் உயர்ந்து காட்சி தரும். இலண்டனிலோ பாரிசிலோ வாழ்பவர் ஒருபோதும் தம் ஊரிலிருந்து காண இயலாத தென்திசை விண்மீன்கள் பலவற்றைப் புதுச்சத்திரத்து மாணவர் தம் வீட்டு மாடியிலிருந்தே காணலாம். வடவானையும் தென்வானையும் ஒருசேரக் காணும் வாய்ப்பு நமக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

எழும்பூர்த் தோட்டத்தில் தொடங்கிய வரலாறு

1786ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான வில்லியம் பெட்ரி என்பவர் சென்னை எழும்பூரில் இருந்த தம் இல்லத்தில் தம் சொந்த முயற்சியால் ஒரு வானாய்வகத்தை அமைத்தார். அவரிடம் இருந்த தொலைநோக்கிகள் இரண்டும் மூன்று அங்குல விட்டம் கொண்டவை. இன்றைய அளவில் கூறின், ஏறத்தாழ 76 மில்லிமீட்டர். இன்று மாணவர்கள் பயன்படுத்தும் சிறு தொலைநோக்கிகளின் அளவும் இதுவே.

பின்னர் அக்கருவிகள் கம்பெனிக்கு அளிக்கப்பட்டன. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அவற்றுக்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. கருவிகளைத் தாங்க அன்று நிறுத்தப்பட்ட கருங்கல் தூண் ஒன்று இன்றும் சென்னை வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. சென்னை வானாய்வகத்தின் தொடர்ச்சியாக 1899இல் கோடைக்கானல் வானாய்வகம் உருவாயிற்று. அதன் வழியில் வந்ததே இன்றைய இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் அதன் காவலூர் ஆய்வகமும். ஒரு வீட்டுத் தோட்டத்தில் மூன்றங்குலக் கருவியோடு தொடங்கிய மரபு இரண்டு நூற்றாண்டுகளாக அறுபடாமல் தொடர்கிறது. இம்மரபு வளர்ந்ததற்குக் காரணம் கருவியின் அளவு மட்டுமன்று. இரவுதோறும் நோக்கியதும் நோக்கியதைத் தவறாமல் எழுதிவைத்ததுமே முதன்மைக் காரணம்.

கருவியை அறிவோம்

தொலைநோக்கி என்றதும் பலரும் கேட்கும் முதல் வினா, "இது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும்?" என்பதே. உண்மையில் கேட்க வேண்டிய முதல் வினா, "இது எவ்வளவு ஒளியைத் திரட்டும்?" என்பதாகும்.

இருளில் நம் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். 70 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட தொலைநோக்கியின் முன்வில்லை அதைவிடப் பத்து மடங்கு அகலமானது. பரப்பளவு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அது நம் கண்ணைவிட நூறு மடங்கு ஒளியைத் திரட்டும். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத மங்கிய விண்மீன்கள் தொலைநோக்கியில் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

உருப்பெருக்கம் இரண்டாம் நிலையிலேயே வருகிறது. முன்வில்லையின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். முன்வில்லையின் குவியத் தொலைவு 400 மில்லிமீட்டர் என்க. 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் 16 மடங்கும், 10 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால் 40 மடங்கும் பெருகும். கண்ணருகு வில்லையை மாற்றி மாற்றி உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம் எனத் தோன்றும். ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. மில்லிமீட்டரில் விட்டம் எவ்வளவோ அதன் இருமடங்கே பயன்தரும் உருப்பெருக்கத்தின் மேல்வரம்பு என்பது வானியலாளர் பின்பற்றும் பொதுவிதி. 60 மில்லிமீட்டர் கருவிக்கு 120 மடங்கு. 70 மில்லிமீட்டர் கருவிக்கு 140 மடங்கு.

ஒரு கரண்டி மாவைக் கல் முழுவதும் இழுத்துத் தேய்த்தால் தோசை கிழிந்துபோகும். திரட்டிய ஒளி சிறிதாக இருக்கையில் அதை மிகையாகப் பரப்பினாலும் அவ்வாறே உருவம் மங்கிக் குழம்பும். சிறு குழலின் பெட்டிமீது '500 மடங்கு' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு வாங்கியோர் முதல் இரவிலேயே மனம் சோர்ந்து கருவியைப் பரணில் போட்டுவிடுவது உண்டு. பிழை வானத்தினுடையதும் அன்று, அவர் கண்ணினுடையதும் அன்று, அந்த எண்ணினுடையது.

சிறு தொலைநோக்கிகள் மூவகைப்படும். வில்லையால் ஒளியைக் குவிப்பது ஒளிவிலகல் தொலைநோக்கி. குழியாடியால் குவிப்பது எதிரொளிப்புத் தொலைநோக்கி. இதனை 1668இல் நியூட்டன் முதன்முதலில் செய்து காட்டினார். வில்லையும் ஆடியும் இணைந்தது மூன்றாம் வகை. இதில் குழலுக்குள் புகுந்த ஒளி ஆடிகளில் பட்டு முன்னும் பின்னும் மடங்கிச் செல்வதால், 1200 மில்லிமீட்டர் அளவிலான குவியத் தொலைவையும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளக் குழலுக்குள் அடக்கிவிடலாம். பள்ளிப் பைக்குள் வைத்து எடுத்துச் செல்லத்தக்க கையடக்கக் கருவிகள் பல இவ்வகையைச் சார்ந்தவை.

எவ்வகையாயினும் அதனைத் தாங்கும் முக்காலி உறுதியாக இருத்தல் வேண்டும். 40 மடங்கு பெருக்கும் கருவி, கைப்பட்டால் உண்டாகும் நடுக்கத்தையும் 40 மடங்கு பெருக்கியே காட்டும். அசையாத முக்காலியில் குழலை நிறுத்தி, ஒரு விண்மீனைப் பார்வைப் புலத்தின் நடுவில் கொண்டுவந்து, பின் கையை எடுத்துவிடுங்கள். அந்த விண்மீன் மெல்ல நகர்ந்து ஓரத்தை அடைந்து சில நிமிடங்களில் மறைந்துவிடும். நகர்ந்தது விண்மீன் அன்று. நீங்கள் நிற்கும் மாடியும் ஊரும் கொல்லிமலையும் புவியோடு சேர்ந்து சுழன்றுவிட்டன. புவியின் சுழற்சியை நூலில் படித்திருப்போம். அதைக் கண்ணால் காண்பது இங்கேதான்.

கண்ணைப் பழக்குவோம்

வெளிச்சமான அறையிலிருந்து மாடிக்கு வந்தவுடன் வானம் வெறுமையாகத் தோன்றும். விழித்திரையில் உள்ள கூம்புச் செல்கள் மிகுந்த ஒளியிலும், கோல் செல்கள் குறைந்த ஒளியிலும் செயல்படுகின்றன. கோல் செல்கள் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குறிப்பெழுத வெளிச்சம் தேவையெனில், கைவிளக்கின் முகப்பில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொள்ளலாம். மங்கிய சிவப்பொளி இருட்பார்வையை அதிகம் குலைப்பதில்லை.

மங்கிய பொருளை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைவதும், சற்றுப் பக்கவாட்டில் நோக்கினால் தோன்றுவதும் உண்டு. விழித்திரையின் நடுவில் கூம்புச் செல்களும், அதனைச் சுற்றிக் கோல் செல்களும் செறிந்திருப்பதே இதற்குக் காரணம். வானியலாளர் இதனைப் பக்கப் பார்வை என்பர். முதல் நாளில் ஒருவர் காணாததைப் பத்தாம் நாளில் அதே கருவியில் காண்கிறார் என்றால், அந்த இடைவெளியில் தேறியது அவர் கண்ணே.

நிலவும் கொல்லிமலையும்

முதலில் நோக்கத்தக்கது நிலவு. முழுநிலவு நாளே சிறந்தது எனப் பலரும் எண்ணுவர். ஆனால், முழுநிலவில் கதிரவன் ஒளி நேராக விழுவதால் நிழல்கள் தோன்றா. நிலப்பரப்பு தட்டையாகத் தெரியும். வளர்பிறையின் ஏழாம், எட்டாம் நாள்களில் ஒளிப்பகுதியும் இருட்பகுதியும் சந்திக்கும் எல்லையை நோக்குங்கள். அங்கே கிண்ணக்குழிகளின் விளிம்புகள் நீண்ட நிழல்களை வீழ்த்திக்கொண்டு தெளிவாகப் புலப்படும்.

அவ்வெல்லையைத் தாண்டி, இருட்பகுதிக்குள் தனித்தனியே சில ஒளிப்புள்ளிகள் மின்னுவதையும் காணலாம். அவை என்ன? விடையைப் புதுச்சத்திரத்து மாணவர் மாலைதோறும் கண்டிருப்பார். மேற்கே கதிரவன் மறைந்து சமவெளியில் நிழல் படர்ந்த பின்னும், கிழக்கே கொல்லிமலையின் முகடு சிறிது நேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். உயர்ந்த இடத்தைக் கதிரொளி கடைசியாக விட்டுச் செல்கிறது. விடியலில் முதலில் வந்து தொடுகிறது. நிலவின் இருளில் மின்னும் புள்ளிகளும் அத்தகைய மலைமுகடுகளே. 1609இல் இத்தாலி நாட்டில் கலிலியோ தம் சிறு தொலைநோக்கியால் இதனைக் கண்டு, நிலவும் மலைகள் நிறைந்த நிலப்பரப்பே என உய்த்துணர்ந்தார். விண்ணுலகப் பொருள்கள் மாசுமறுவற்ற வழவழப்பான கோளங்கள் என்ற நெடுங்கால நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது.

வியாழனின் நான்கு துணைகள்

விண்மீன்களை நாள்மீன் என்றும் கோள்களைக் கோள்மீன் என்றும் பிரித்தறிந்து பெயரிட்டது தமிழ். விட்டுவிட்டு மின்னாமல் நிலைத்த ஒளியுடன் விளங்குவது கோள்மீன். வியாழன் இரவு வானில் தெரியும் மாதங்களில் அதனை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பினால், சிறு வட்டத்தட்டு ஒன்றும், அதன் இருபுறமும் ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் நான்கு வரையிலான ஒளிப்புள்ளிகளும் தென்படும். அவை ஐயோ, யூரோப்பா, கனிமீட், காலிஸ்டோ என்னும் நிலவுகள்.

1610 சனவரி 7 அன்று கலிலியோ கண்டது மூன்று புள்ளிகளை மட்டுமே: கிழக்கில் இரண்டு, மேற்கில் ஒன்று. அவற்றை அவர் விண்மீன்கள் என்றே கருதினார். மறுநாள் நோக்கியபோது மூன்றும் மேற்கே நின்றன. ஒன்பதாம் நாள் வானம் முகில் மூடியிருந்தது. பத்தாம் நாள் இரண்டு மட்டும் கிழக்கே தெரிந்தன. பதின்மூன்றாம் நாள் நான்காவது புள்ளியும் தோன்றியது. இரவுதோறும் வரைந்துவைத்த அப்படங்களை வரிசைப்படுத்தி எண்ணிய பின்னரே, இவை வியாழனைச் சுற்றிவருகின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். எல்லாம் புவியையே சுற்றுகின்றன என்ற கொள்கைக்கு எதிரான கண்கூடான சான்று அது.

கலிலியோவின் கருவி ஏறத்தாழ இருபது மடங்கே பெருக்கியது. இன்றைய எளிய சிறு தொலைநோக்கி அதனினும் தெளிவானது. ஆகவே, அவர் கண்டதை நீங்களும் காணலாம். அவர் சிந்தித்த வழியில் நீங்களும் சிந்திக்கலாம். ஐயோ நிலவு வியாழனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ ஒன்றே முக்கால் நாள் ஆகும். காலிஸ்டோவுக்கு ஏறத்தாழ பதினாறே முக்கால் நாள். அடுத்தடுத்த இரவுகளில் படம் வரைந்துவந்தால், எது விரைவாக இடம் மாறுகிறது, எது மெல்ல நகர்கிறது என்பதை நீங்களே கண்டறிவீர்கள்.

சனியின் வளையமும் 30 அல்லது 40 மடங்கு உருப்பெருக்கத்தில் தெரியும். கதிரவனைச் சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் சனியின் வளையம் ஆண்டுதோறும் சாய்வு மாறித் தோன்றுகிறது. 2009இலும் 2025இலும் வளையத்தின் விளிம்பு மட்டுமே நமக்கு நேராக இருந்ததால் அது ஏறத்தாழ மறைந்தே போயிற்று. பின்வரும் ஆண்டுகளில் அது மெல்ல விரிவதைத் தொடர்ந்து பார்ப்போர் காணலாம்.

வடமீனும் தென்வானத்துப் பேரொளிக் கொத்தும்

மே மாதத்தில் ஓர் இரவு, பத்து மணி அளவில் வடக்கு நோக்கி நில்லுங்கள். எழுமீன் எனப்படும் ஏழு விண்மீன்களின் வரிசையில் வால்பகுதியின் நடுவில் உள்ளது வசிட்டர். அதனை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. சங்க இலக்கியம் கற்பின் அடையாளமாகப் போற்றும் வடமீன் இதுவே. திருமண நாளில் மணமக்களுக்கு அருந்ததி காட்டும் வழக்கத்தையும் நாம் அறிவோம்.

வெறுங்கண்ணுக்கு இவ்விரண்டே தெரியும். சிறு தொலைநோக்கியைத் திருப்பினால் வசிட்டரே இரண்டாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். தலைமுறை தலைமுறையாக நாம் கைநீட்டிக் காட்டிய இடத்தில், நம் கண்ணுக்கு எட்டாமல் மூன்றாவது விண்மீன் ஒன்று காத்திருந்தது. 40 மடங்கு உருப்பெருக்கமே அதனைப் பிரித்துக் காட்டப் போதுமானது.

அப்படியே திரும்பித் தெற்கு நோக்குங்கள். அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் மங்கிய விண்மீன் போன்ற ஒரு புள்ளி தெரியும். வசிட்டரும் இதுவும் உச்சிக்கோட்டை ஏறத்தாழ ஒரே நேரத்தில் கடப்பதால் ஒன்றைப் பார்த்தவுடன் மற்றதைத் தேடுவது எளிது. பண்டைய கிரேக்க வானியலாளர் தாலமி இதனை ஒரு விண்மீனாகவே பட்டியலிட்டார். 1677இல் எட்மண்ட் ஆலி என்பவர் தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள செயின்ட் எலினா தீவிலிருந்து தொலைநோக்கியால் நோக்கிய பின்னரே, இது தனி விண்மீன் அன்று என அறிந்தார். ஒமேகா சென்டாரி என்று இன்று அழைக்கப்படும் இது, பல இலட்சக்கணக்கான விண்மீன்கள் பந்துபோல் திரண்ட ஒரு கொத்து. 70 மில்லிமீட்டர் கருவியில் இது பஞ்சுப்பொதி போன்ற வெண்ணிற ஒளித்திரளாகவே தோன்றும். விண்மீன்களைத் தனித்தனியே பிரித்துக் காணப் பெரிய கருவி வேண்டும். ஆயினும் அந்தப் பொதியிலிருந்து உங்கள் கண்ணை வந்தடையும் ஒளி புறப்பட்டுப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசு நகரிலிருந்து வானை நோக்கிய சார்லசு மெசியே, ஒண்முகில்களையும் விண்மீன் கொத்துகளையும் தொகுத்துப் புகழ்பெற்ற பட்டியல் ஒன்றை உருவாக்கினார். இன்றும் சிறு தொலைநோக்கி வைத்திருப்போரின் வழிகாட்டி அதுவே. வானத்தின் மிகச்சிறந்த கோளவடிவக் கொத்தாகிய ஒமேகா சென்டாரி அதில் இல்லை. பாரிசின் வானில் அது எழுவதே இல்லை. பிறர் வகுத்த பட்டியலில் இல்லாத ஒன்று நம் வானில் இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

குறிப்பேடு என்னும் இரண்டாம் கருவி

சென்னை வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. விண்மீன்களின் இருப்பிடங்களை இரவுதோறும் அளந்து பட்டியலிடுவது அவ்வாய்வகத்தின் பெரும்பணியாக இருந்தது. பொறுமையை முழுமையாகக் கோரும் பணி அது. அத்தகைய நோக்குகளின் ஊடே, 1867ஆம் ஆண்டு, தென்வானத்து விண்மீன் ஒன்றின் ஒளி கூடிக் குறைவதை அவர் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளிர் விண்மீன் அது. முன்னர் எவ்வளவு ஒளியுடன் இருந்தது என்ற குறிப்பு இல்லையெனில், இன்று அது மங்கியிருக்கிறது என்று எவரால் சொல்ல இயலும்? 1872இல் இலண்டன் இராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1874 திசம்பரில் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்த நிகழ்வைப் பற்றி, பொதுமக்கள் அறியும்வண்ணம் இந்திய மொழிகளிலும் அவர் சிறுநூல் வெளியிட்டார்.

ஆகவே, தொலைநோக்கியோடு ஒரு குறிப்பேட்டையும் வாங்குங்கள். நாள், நேரம், இடம், வானின் நிலை, பயன்படுத்திய கண்ணருகு வில்லை ஆகியவற்றை எழுதி, ஒரு வட்டம் வரைந்து, கண்டதை அதனுள் வரையுங்கள். உங்கள் கருவி உருவத்தைத் தலைகீழாகவோ இடம்வலம் மாற்றியோ காட்டலாம், அதனையும் குறியுங்கள். நூலில் நான்கு நிலவுகள் என்று இருக்கிறது. உங்களுக்கு மூன்றே தெரிகின்றன. எனில் மூன்று என்றே எழுதுங்கள். நான்காவது கோளின் பின்னே மறைந்திருக்கலாம், முன்னே கடந்துகொண்டிருக்கலாம். முகில் மூடிய இரவில் 'முகில்' என்று எழுதுங்கள். கலிலியோவும் அவ்வாறே செய்தார். காணாததைக் கண்டதாக எழுதாத நேர்மையே அறிவியலின் முதற்பாடம்.

இருளும் ஒரு வளம்

இந்திய வானியலாளர் வைணு பாப்பு, கோடைக்கானலை அடுத்துப் புதியதோர் ஆய்வகத்திற்கு இடம் தேடியபோது, சவ்வாது மலையில் காவலூரைத் தெரிவு செய்தார். நகரொளி எட்டாத இருளும் தென்வானம் காணும் வாய்ப்பும் அவ்விடத்தின் சிறப்புகள். 1968இல் அங்கு நிறுவப்பட்ட முதல் தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. அதன் விட்டம் 38 சென்டிமீட்டர் மட்டுமே. 1986இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி அங்கு எழுந்தது. அது 70 மில்லிமீட்டர் கருவியைவிட ஏறத்தாழ 1100 மடங்கு ஒளியைத் திரட்டும். எனினும், அது காணும் வானமும் புதுச்சத்திரத்தின் வானமும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டு ஊர்களின் அகலாங்கு வேறுபாடு ஒரு பாகை அளவே.

வேறுபடுவது இருள். நெடுஞ்சாலை விளக்குகளும் கடைத்தெரு விளம்பரப் பலகைகளும் பண்ணைக் கொட்டகை விளக்குகளும் ஆண்டுதோறும் பெருகுகின்றன. மேல்நோக்கிச் சிந்தும் ஒளி எவருக்கும் வழிகாட்டுவதில்லை. விண்மீன்களை மட்டும் மறைக்கிறது. விளக்குக்கு மேல் ஒரு மூடி அமைத்து ஒளியைத் தரைக்கே திருப்புவதும், தேவையற்ற வேளையில் அணைப்பதும் செலவையும் குறைக்கும், வானையும் காக்கும். நம் பாட்டனாருக்குத் தெரிந்த பால்வழி நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? நீர்நிலையைக் காப்பது போல இருளையும் காப்பது நம் கடமை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை முதல் சித்திரை வரை நம் பகுதியில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். தொலைநோக்கி இல்லையே என எவரும் தயங்க வேண்டியதில்லை. கார்த்திகை மீன்கள் எத்தனை என வெறுங்கண்ணால் எண்ணிக் குறித்தாலும் நோக்கல் தொடங்கிவிட்டது. எழும்பூர்த் தோட்டத்தில் ஒருவர் மூன்றங்குலக் குழலைத் திருப்பிய அன்று, அது எங்குச் சென்று சேரும் என அவர் அறிந்திருக்க வழியில்லை. இன்றிரவு உங்கள் மாடியில் எழுதப்படும் முதல் வரியும் அத்தகையதே.

தெரிந்து தெளிவோம்

எச்சரிக்கை: தொலைநோக்கியாலோ அதன் நோக்குகுழலாலோ கதிரவனை ஒருபோதும் நேராகப் பார்க்கக் கூடாது. குவிந்த ஒளி நொடிப்பொழுதில் விழித்திரையை எரித்துவிடும். இழந்த பார்வை மீளாது. கண்ணருகு வில்லையில் பொருத்தும் சிறு கதிரவன் வடிகட்டிகள் வெப்பத்தால் வெடிக்கக்கூடும். அவற்றைத் தவிர்க்க வேண்டும். பகலில் கருவியை மூடியிட்டே வைத்தல் வேண்டும்.

இராமானுசன் என்னும் சிறுகோள்: 1988 பிப்ரவரியில் காவலூரில் 45 சென்டிமீட்டர் தொலைநோக்கியின் வழி இரா. இராசமோகன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். ஈரோட்டில் பிறந்த கணிதமேதையின் நினைவாக அதற்கு இராமானுசன் எனப் பெயரிடப்பட்டது.

சொல்லும் பொருளும்

குவியத் தொலைவு – வில்லைக்கும் ஒளி குவியும் புள்ளிக்கும் இடைப்பட்ட தொலைவு
ஒண்முகில் – விண்வெளியில் ஒளிரும் வளிமத் திரள்
மாறொளிர் விண்மீன் – ஒளி கூடிக் குறையும் விண்மீன்
முகடு – உச்சி
உய்த்துணர்தல் – ஆராய்ந்து அறிதல்

கற்பவை கற்றபின்

1. வளர்பிறை நான்காம் நாள் முதல் பத்தாம் நாள் வரை நிலவின் ஒளி–இருள் எல்லையை நாள்தோறும் வரைந்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
2. உங்கள் ஊரில் விண்மீன்களுக்கு வழங்கும் பெயர்களையும் அவை தொடர்பான வழக்கங்களையும் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.
3. உங்கள் தெருவில் ஒளியை மேல்நோக்கிச் சிந்தும் விளக்குகளைக் கணக்கிட்டு, அவற்றைச் சீரமைக்குமாறு ஊராட்சித் தலைவருக்கு விண்ணப்பம் எழுதுக.

பயிற்சி

பலவுள் தெரிக

1. முன்வில்லையின் குவியத் தொலைவு 600 மி.மீ., கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவு 20 மி.மீ. எனில் உருப்பெருக்கம்
அ) 20 மடங்கு ஆ) 30 மடங்கு இ) 60 மடங்கு ஈ) 120 மடங்கு

2. சங்க இலக்கியம் வடமீன் எனச் சுட்டுவது
அ) துருவ மீன் ஆ) திருவாதிரை இ) அருந்ததி ஈ) வெள்ளி

குறுவினா

1. முழுநிலவு நாளைவிட வளர்பிறை எட்டாம் நாள் நிலவை நோக்கச் சிறந்தது ஏன்?
2. பக்கப் பார்வை என்பது யாது?

சிறுவினா

1. தோசை உவமையின் வழி ஆசிரியர் உணர்த்தும் கருத்தை விளக்குக.
2. ஒமேகா சென்டாரி மெசியேவின் பட்டியலில் இடம்பெறாமைக்குக் காரணம் யாது? அதிலிருந்து நீவிர் உணர்வது யாது?

நெடுவினா

'காணாததைக் கண்டதாக எழுதாத நேர்மையே அறிவியலின் முதற்பாடம்' – கலிலியோ, இரகுநாதாச்சாரி ஆகியோரின் பணிகளைச் சான்றாகக் கொண்டு கட்டுரைக்க.